இடைக்கால ஐரோப்பாவில் கோதிக் கட்டடக்கலையின் வட்டார வேறுபாடுகள்: பொருளும் புரவலரும் தொழில்மரபும்

முன்னுரை

கோதிக் என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் நினைவுக்கு வருபவை சென்னைச் சாந்தோம் பேராலயம், திருச்சிராப்பள்ளி லூர்து அன்னை ஆலயம் போன்ற கட்டடங்களே ஆகும். இவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இடைக்கால வடிவத்தை ஐரோப்பியர் மீட்டெடுத்துக் கையாண்ட காலத்தில் எழுந்தவை. கூர்வளைவு, கூம்புக் கோபுரம், வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஆகிய அடையாளங்களைக் கொண்ட ஒரே வகைக் கட்டடக்கலை கோதிக் என்னும் எண்ணத்தை இவை தோற்றுவிக்கின்றன. 12 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் எழுந்த மூலக் கட்டடங்களை நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் நிலைபெறாது. பிரான்சின் அமியான் பேராலயமும் இங்கிலாந்தின் சால்ஸ்பரிப் பேராலயமும் 1220ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டவை. முன்னதன் வளைகூரை 42 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பின்னதன் வளைகூரை ஏறத்தாழ 26 மீட்டரோடு அமைந்துவிடுகிறது. லூபெக் நகரின் ஆலயம் முழுவதும் செங்கல்லால் ஆனது. கட்டலோனியாவின் ஜிரோனாப் பேராலயம் உயரத்தைவிட அகலத்தையே பெரிதாகக் கொண்டது.

இவ்வேறுபாடுகளுக்கு இருவகை விளக்கங்கள் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளன. பிரெஞ்சுக் கட்டடங்களே மூலம், பிறநாட்டுக் கட்டடங்கள் அவற்றின் குறைபட்ட படிகள் என்பது ஒன்று. ஒவ்வொரு நாட்டு மக்களின் இயல்பும் அவர்தம் கட்டடங்களில் வெளிப்படுகிறது என்பது மற்றொன்று. வட்டார வேறுபாடுகளைத் தீர்மானித்தவை கிடைத்த கட்டடப் பொருள், செலவிட்ட புரவலர், உள்ளூர்த் தொழில்மரபு ஆகிய மூன்றுமே என்பதை இக்கட்டுரை சில சான்றுகளின் வழி நிறுவ முற்படுகிறது.

பெயரும் உரிமைப் போட்டியும்

இக்கலையை உருவாக்கியவர்கள் அதனைக் கோதிக் என அழைத்ததில்லை. இத்தாலியக் கலை வரலாற்றாசிரியர் வசாரி 1550இல் வெளியிட்ட நூலில் இக்கட்டட முறையைக் கோத்தியர் என்னும் நாகரிகமற்ற மக்களின் படைப்பாகச் சுட்டினார். கோத்தியர் அரசுகள் இக்கலை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. எனவே இப்பெயர் வரலாற்றுக் குறிப்பு அன்று, வசைச்சொல்லே எனலாம். ஏறத்தாழ 1280இல் எழுதப்பட்ட செருமானியக் குறிப்பு ஒன்று, விம்ப்ஃபென் நகர ஆலயத்தைப் பாரிசிலிருந்து வந்த கல்தச்சர் 'பிரெஞ்சு வேலைப்பாட்டில்' கட்டியதாகக் கூறுகிறது. அக்காலத்தார் இம்முறையின் பிறப்பிடத்தை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பிற்காலத்தார் அதனை மறந்தனர். செருமானியக் கவிஞர் கேதே 1772இல் ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தைப் போற்றி எழுதிய கட்டுரையில் இதனைச் செருமானியக் கலையாகவே கொண்டார். 1834இல் தீக்கிரையான இலண்டன் நாடாளுமன்றத்தை மீண்டும் கட்ட நடைபெற்ற போட்டியில், வடிவமைப்பு கோதிக் அல்லது எலிசபெத் காலப் பாணியில் இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அவையே தேசியப் பாணிகள் எனக் கருதப்பட்டன. 1248இல் தொடங்கி 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோன கொலோன் பேராலயப் பணி 1842இல் செருமானிய ஒற்றுமையின் சின்னமாக மீண்டும் தொடங்கப்பெற்று 1880இல் நிறைவுற்றது. அப்பேராலயத்தின் கிழக்குப் பகுதி அமியான் பேராலயத்தின் அமைப்பை நெருக்கமாகப் பின்பற்றியது என்பது இங்கு எண்ணத்தக்கது. ஒரே கலைக்குப் பல நாடுகள் உரிமை கோரிய இச்சூழலில்தான் வட்டாரக் கோதிக் பற்றிய பல வகைப்பாடுகள் உருவாயின.

பொது அடிப்படை

அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் சரிபாதியாகவே அமையும். அகலம் மாறினால் உயரமும் மாறும். கூர்வளைவிலோ அகலம் மாறாமலேயே உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆதலால் வெவ்வேறு அகலமுள்ள வளைவுகளின் உச்சிகளை ஒரே மட்டத்தில் நிறுத்த முடிந்தது. கூரையின் சுமையை விலா எலும்புகள் போன்ற கல்வளைவுகள் வழியே தூண்களுக்கு இறக்குவது விலா வளைகூரை. கூரை பக்கவாட்டில் தள்ளும் விசையை, பக்கக்கூடத்தின் மேலாகப் பாலம்போல் தாவிச் சென்று வெளிப்புறத் தாங்கு சுவரில் சேர்ப்பது பறக்கும் முட்டுவளைவு. சுமை குறிப்பிட்ட இடங்களில் குவிவதால் இடைப்பட்ட சுவரைத் திறந்து பெரிய சாளரங்களாக்க இயன்றது.

இக்கூறுகள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. இசுலாமிய நாடுகளில் கூர்வளைவு முன்னரே வழங்கியது. இங்கிலாந்தின் டரம் பேராலயம் 1093இல் தொடங்கி 1133இல் முதன்மைப் பகுதிகள் நிறைவுற்றபோதே விலா வளைகூரையைப் பெற்றிருந்தது. பாரிசுக்கு வடக்கேயுள்ள சாந்தெனி மடத்தின் தலைவர் சூசெர் 1140இல் தொடங்கி 1144இல் திருநிலைப்படுத்திய கிழக்குப் பகுதியே இக்கூறுகளை ஒருங்கிணைத்து ஒளிமிக்க உள்வெளியை உருவாக்கியது. அப்பணி குறித்து எழுதிய சூசெர், பொந்துவாசு அருகே நல்ல கல் கிடைத்ததையும், கிடைக்காது என்று பலரும் கைவிட்ட நீண்ட உத்திரங்களைக் காட்டில் தேடிக் கண்டதையும் நன்றியுடன் பதிவு செய்துள்ளார். புதிய கலையின் முதற் பதிவிலேயே கல்லும் மரமும் முதன்மை பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

பிரான்சு: வடக்கில் உயரம், தெற்கில் கோட்டை

பாரிசைச் சூழ்ந்த நிலப்பகுதியில் தரமான சுண்ணாம்புக்கல் மிகுதியாகக் கிடைத்தது. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும் இயல்புடைய இக்கல் நுண்ணிய செதுக்கலுக்கு ஏற்றது. சேன் ஆறும் அதன் துணையாறுகளும் கல்லைச் சுமந்து செல்ல உதவின. ஆயர்களும் அவர்தம் குருக்கள் குழுக்களும் பெருஞ்செல்வம் பெற்றிருந்தனர். இச்சூழலில் உயரப் போட்டி தோன்றியது. 1194ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் எழுந்த சார்த்ர் பேராலயத்தின் வளைகூரை ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுடையது. அமியான் 42 மீட்டரை எட்டியது. 1225இல் தொடங்கிய போவேப் பேராலயம் ஏறத்தாழ 48 மீட்டரைத் தொட்டது.

அவ்வுயரம் நிலைக்கவில்லை. 1284இல் போவேயின் வளைகூரையில் ஒரு பகுதி சரிந்தது. பழைய தூண்களுக்கிடையே புதிய தூண்களை நட்டு அதனைச் சீரமைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நடுக்கோபுரமும் 1573இல் வீழ்ந்தது. நடுக்கூடம் கட்டப்படாமலேயே நின்றுவிட்டது. செலவின் சுமையும் சமூகத்தில் எதிரொலித்தது. 1233இல் இரீம்ஸ் நகரமக்கள் பேராயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது பேராலயப் பணி சில ஆண்டுகள் தடைப்பட்டது.

தெற்கே ஆல்பி நகரின் காட்சி முற்றிலும் வேறானது. கத்தாரியர் எனப்பட்ட சமயப் பிரிவினருக்கு எதிரான சிலுவைப்போர் நிகழ்ந்த அம்மண்ணில், 1282இல் தொடங்கப்பட்ட பேராலயம் செங்கல்லால் ஆன கோட்டைபோல் எழுந்தது. பறக்கும் முட்டுவளைவுகள் இல்லை. தாங்கு சுவர்கள் உட்புறமாக அமைந்து அவற்றினிடையே சிற்றாலயங்கள் இடம்பெற்றன. சாளரங்கள் குறுகியவை. ஆயரின் அதிகாரத்தைப் பறைசாற்றும் தேவையும் அப்பகுதியின் செங்கல் மரபும் இவ்வடிவைத் தந்தன. இன்றைய பிரான்சின் எல்லைக்குள்ளேயே இத்தகைய வேறுபாடு நிலவும்போது, 'பிரெஞ்சு இயல்பு' என்னும் விளக்கம் பொருளற்றதாகிறது.

இங்கிலாந்து: நீளமும் கூரையணியும்

1174இல் கேன்டர்பரிப் பேராலயத்தின் கிழக்குப் பகுதி எரிந்தது. அம்மடத்துத் துறவி செர்வாசு எழுதிய குறிப்பு மறுகட்டுமானத்தின் வரலாற்றை ஆண்டுவாரியாகத் தருகிறது. பிரான்சின் சான்சு நகரைச் சேர்ந்த வில்லியம் தலைமைக் கல்தச்சராக அமர்த்தப்பட்டார். கல் கடல்கடந்து வரவழைக்கப்பட்டது. 1178இல் சாரத்திலிருந்து வீழ்ந்து படுகாயமுற்ற அவர் நாடு திரும்ப நேர்ந்தது. அவருக்குப் பின் வில்லியம் என்னும் பெயருடைய ஆங்கிலேயர் பணியைத் தொடர்ந்தார். பிரெஞ்சு முறை ஒரு தனிமனிதரின் கைவழியே வந்து, உள்ளூர்த் தொழிலாளர் கைக்கு மாறிய தருணம் இக்குறிப்பில் பதிவாகியுள்ளது.

அதன்பின் ஆங்கிலக் கட்டடங்கள் தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டன. நார்மானியர் காலம் முதலே இங்குத் தடித்த சுவர் எழுப்பும் மரபு வேரூன்றியிருந்தது. அத்தகைய சுவர், மிதமான உயரமுள்ள கூரையின் தள்ளுவிசையைப் பெரும்பாலும் தானே தாங்கியதால் பறக்கும் முட்டுவளைவின் தேவை குறைந்தது. பேராலயங்களில் பாதியளவு துறவு மடங்களாகவும் இயங்கியமையால் துறவியரின் வழிபாட்டிற்கு நீண்ட கிழக்குப் பகுதி வேண்டியிருந்தது. சால்ஸ்பரி மடத்தைச் சாராத பேராலயமாயினும் அதுவும் நீண்ட அமைப்பையே மேற்கொண்டது. அதன் சதுரமான கிழக்கு முனை, இரட்டைக் குறுக்குக்கூடங்கள், கருநிறப் பர்பெக் கல்லாலான மெல்லிய தூண்கள் ஆகியவை ஆங்கில மரபின் அடையாளங்களாகும்.

உயரத்தில் செலவிடாத திறனை ஆங்கிலக் கல்தச்சர் கூரையின் அணிவேலைப்பாட்டில் செலுத்தினர். லிங்கன் பேராலயத்தில் கட்டுமானத் தேவைக்கு மேற்பட்ட துணை விலாக்கள் தோன்றின. குளோஸ்டர் மடத்தின் சுற்றுநடையில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விசிறி வளைகூரை உருவாயிற்று. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் ஜான் வாஸ்டெல் 1512 முதல் 1515 வரை அமைத்த கூரையில் அம்முறை உச்சநிலை எய்தியது. மரவேலை மரபும் இங்கு வலுவாக இருந்தது. 1322இல் ஈலிப் பேராலயத்தின் நடுக்கோபுரம் சரிந்தபோது, அவ்விடத்தில் கற்கோபுரத்தை மீண்டும் எழுப்பாமல், பெரிய கருவாலி மரங்களைக் கொண்டு எண்கோண ஒளிமாடத்தை அமைத்தனர். அதன் மரவேலையோடு அரசத் தச்சர் வில்லியம் ஹர்லியின் பெயர் இணைத்துக் கூறப்படுகிறது.

பால்டிக் கரை: செங்கல்லின் இலக்கணம்

வட செருமனி முதல் போலந்து வரையுள்ள பால்டிக் கடற்கரைச் சமவெளியில் செதுக்குதற்குரிய கல் அரிது, களிமண் மிகுதி. ஆகவே அங்குக் கோதிக் கலை செங்கல்லில் வடிவெடுத்தது. செங்கல் அச்சில் வார்க்கப்படுவது. உளியால் உருவம் செதுக்க இடந்தராதது. இதனால் பிரெஞ்சு வாயில்களில் காணும் சிற்ப வரிசைகள் இங்கு இல்லை. தனி அச்சில் வார்த்த செங்கல், மெருகேற்றிய வண்ணச் செங்கல், படிப்படியாக உயரும் முகப்பு, குருட்டு மாடங்கள் ஆகியவை சிற்பத்தின் இடத்தை நிரப்பின.

லூபெக் நகரின் புனித மரியாள் ஆலயம் இவ்வகைக்குத் தலைசிறந்த சான்று. 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி 1351 அளவில் நிறைவுற்ற இவ்வாலயத்தின் நடுக்கூட வளைகூரை 38.5 மீட்டர் உயரமுடையது. செங்கல் வளைகூரைகளுள் இதுவே உலகில் உயரமானது. பிரெஞ்சுப் பேராலயத்தின் அமைப்பை, முட்டுவளைவுகள் உட்பட, செங்கல்லில் இது மீட்டுரைத்தது. இது ஆயரின் பேராலயம் அன்று என்பது கருதத்தக்கது. ஆயரின் பேராலயம் நகரின் தென்கோடியில் இருந்தது. வணிகரும் நகர மன்றத்தாரும் தம் ஆலயத்தைச் சந்தைக்கும் மன்ற மாளிகைக்கும் அருகில் எழுப்பினர். ஹான்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த விஸ்மார், ஸ்திரால்சுண்ட் முதலிய நகரங்கள் இம்மாதிரியைப் பின்பற்றின. வணிகம் சென்ற கடல்வழியே கட்டட வடிவமும் சென்றது.

சுவீடனின் உப்சாலாப் பேராலயம் மற்றொரு உண்மையை உணர்த்துகிறது. அதனைக் கட்டுவதற்காக எத்தியேன் தெ பொன்னேய் என்னும் தலைமைக் கல்தச்சர் 1287இல் பாரிசிலிருந்து புறப்பட்டார். பிரெஞ்சுத் திட்ட அமைப்பு அவ்வாலயத்தில் தெளிவாகப் புலனாகிறது. சுவர்களோ செங்கல்லால் ஆனவை. வடிவறிவு மனிதரோடு பயணம் செய்தது. கட்டடப் பொருளை அந்நிலமே தந்தது.

கட்டலோனியா: அகலத்தின் துணிவு

மத்தியதரைக் கடற்கரையில் வேறொரு தீர்வு உருவாயிற்று. ஆல்பியைப் போலவே இங்கும் தாங்கு சுவர்கள் உள்வாங்கப்பட்டு அவற்றினிடையே சிற்றாலயங்கள் அமைந்தன. வெளிச்சுவர்கள் எளியவை. உள்வெளி பரந்தது. பார்சலோனாவின் சாந்த்தா மரியா தெல் மார் ஆலயம் 1329இல் தொடங்கி 1383இல் நிறைவுற்றது. கடலோடிகளும் வணிகரும் துறைமுகச் சுமையாளரும் வாழ்ந்த ரிபெரா பகுதி மக்களின் ஆலயம் இது. மொந்த்சுயிக் குன்றிலிருந்து கல்லைத் தோளில் சுமந்து வந்த சுமையாளரின் உருவங்கள் ஆலயக் கதவில் இன்றும் காணப்படுகின்றன. குறுகிய காலத்தில் ஒரே திட்டப்படி முடிந்தமையால், எண்கோணத் தூண்கள் மிகத் தொலைவில் நிற்கும் அதன் உள்வெளி அரிய ஒருமைப்பாடு கொண்டுள்ளது.

ஜிரோனாவில் நடுக்கூடத்தை மூன்றாகப் பகுப்பதா, ஒரே கூடமாக விடுவதா என்னும் வினா எழுந்தது. 1416-17இல் குருக்கள் குழு பல ஊர்த் தலைமைக் கல்தச்சர்களை அழைத்து, சத்தியம் செய்வித்து, தனித்தனியே கருத்துக் கேட்டது. ஒற்றைக் கூடம் நிலைக்குமா என்பதில் அவர்கள் வேறுபட்டனர். இறுதியில் ஒற்றைக் கூடமே தேர்ந்தெடுக்கப்பட்டது. செலவு குறைவு என்பதும் அத்தேர்வுக்கு ஒரு காரணமாயிற்று. ஏறத்தாழ 23 மீட்டர் அகலமுள்ள அக்கூடம் கோதிக் ஆலயங்களுள் மிக அகன்றதாக இன்றும் நிற்கிறது. வட்டார வடிவம் என்பது தானே முளைத்தது அன்று. மனிதர் கூடி, வாதிட்டு, இடர்ப்பாட்டை எடைபோட்டு மேற்கொண்ட முடிவு என்பதற்கு இதனினும் தெளிந்த ஆவணம் காண்பது அரிது.

மிலான்: இரு மரபுகளின் மோதல்

1386இல் தொடங்கிய மிலான் பேராலயத்தில் இத்தகைய வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. செங்கல்லால் தொடங்கிய பணி, ஆட்சியாளர் சான் கலேயாட்சோ விஸ்கோந்தி கந்தோலியாச் சுரங்கத்தை வழங்கியபின் பளிங்குக்கு மாறியது. ஏரி, ஆறு, கால்வாய் வழியே அப்பளிங்கு நகரை வந்தடைந்தது. ஆல்ப்சு மலைக்கு அப்பாலிருந்து செருமானிய, பிரெஞ்சு வல்லுநர்கள் அழைக்கப்பட்டனர். கட்டடத்தின் குறுக்குவெட்டைச் சதுரத்தின் அடிப்படையில் அமைப்பதா, முக்கோணத்தின் அடிப்படையில் அமைப்பதா என்பது முதல் வினா. 1391இல் பியாசென்சாவைச் சேர்ந்த கணித அறிஞர் ஸ்தோர்னலோக்கோவின் கருத்தும் பெறப்பட்டது. 1400இல் பாரிசிலிருந்து வந்த சான் மிஞ்ஞோ, தாங்கு சுவர்கள் வலுவற்றவை, கோட்பாட்டறிவு இல்லாத கைத்திறன் பயனற்றது என்று வாதிட்டார். உள்ளூர்க் கல்தச்சர் தம் பட்டறிவைக் காட்டி மறுத்தனர். இரும்பு இணைப்புக் கம்பிகளைக் கொண்டு கூரையைப் பிணைக்கும் வழக்கமும் அவர்களுக்குத் துணைநின்றது. மிஞ்ஞோ 1401இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். கட்டடம் வீழவில்லை. வடக்கின் கணக்கில் பிழையாகத் தோன்றிய ஒன்று தெற்கின் தொழில்முறையில் நிலைபெற்றது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படுவன வருமாறு:

முதலாவதாக, கோதிக் கலையின் பொது அறிவு மனிதர் வழியே பரவியது. கேன்டர்பரிக்கும் உப்சாலாவுக்கும் சென்ற கல்தச்சர்களும், பல ஆலயங்களின் கூறுகளை வரைந்து அங்கேரி நாடுவரை சென்ற 13ஆம் நூற்றாண்டின் வில்லார் தெ ஒன்கூரின் ஓவியச் சுவடியும் அதற்குச் சான்றுகள்.

இரண்டாவதாக, அவ்வறிவு சென்றடைந்த இடத்தில் கல்லோ களிமண்ணோ மரமோ அதன் வடிவை மாற்றியது. ஆயர், துறவியர், வணிகர், சுமையாளர் எனப் புரவலர் மாறுந்தோறும் கட்டடத்தின் நோக்கமும் மாறியது.

மூன்றாவதாக, ஆல்பியும் ஜிரோனாவும் ஒன்றையொன்று ஒத்திருப்பதும், ஆல்பியும் அமியானும் வேறுபட்டிருப்பதும் கோதிக் வட்டாரங்கள் இன்றைய நாட்டெல்லைகளோடு பொருந்தாமையைக் காட்டுகின்றன. தேசிய இயல்பு என்னும் விளக்கம் 18, 19ஆம் நூற்றாண்டுகளின் தேவையிலிருந்து பிறந்தது. இடைக்காலச் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை.

இவ்வாராய்ச்சி பழமையைப் பற்றியது மட்டும் அன்று. 2019 ஏப்ரல் 15இல் பாரிசின் நோத்ரு தாம் பேராலயம் எரிந்தபோது மரக்கூரை முற்றிலும் அழிந்தது. கல் வளைகூரையின் பெரும்பகுதி நிலைத்தது. 2024 திசம்பரில் மீண்டும் திறக்கப்படும்வரை நடைபெற்ற பணியில், பழைய கல்லுக்கு ஒத்த கல்லைத் தேடுவதும், கருவாலி உத்திரங்களைக் கோடரியால் செதுக்கும் பழைய தொழில்முறையைக் கையாள்வதும் இன்றியமையாதவையாயின. வடிவத்தை மட்டும் அறிந்திருந்தால் அக்கட்டடத்தை மீட்டிருக்க இயலாது. தமிழகத்தின் கோதிக் மறுமலர்ச்சி ஆலயங்களையும் ஐரோப்பியப் படிகள் என்று கடந்துவிடாமல், எக்கல்லால், எவர் பொருளால், எத்தொழிலாளர் கைத்திறனால் அவை எழுந்தன என்னும் இதே வினாக்களை எழுப்பி ஆராய்வது, இனி மேற்கொள்ளத்தக்க பணியாகும்.